இருட்டு, ஒரு சின்ன வண்டி, சில பொம்மைகள்... 50 வருடம் கழித்தும் 'டார்க் ரைடு' ஏன் அசத்துகிறது?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் அனஹைமில் உள்ள டிஸ்னிலேண்டில் 'பீட்டர் பேன்ஸ் ஃப்ளைட்' என்று ஒரு சவாரி இருக்கிறது. பூங்கா திறந்த 1955-லேயே வந்துவிட்டது. முழுசாக மூன்று நிமிடம்கூட ஓடாது. தலைகீழாகச் சுற்றாது, வேகமும் கிடையாது. ஆனாலும் இதற்காக அரை மணி, முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்க இன்றும் கூட்டம் இருக்கிறது. அதே பூங்காவில் கோடிகளைக் கொட்டிக் கட்டிய புத்தம் புது சவாரிகள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்போதும்!

காரணம் பழைய நினைவுகள் மட்டும்தானா? இல்லை, அந்தக் காலத்து வடிவமைப்பாளர்களுக்கு ஏதாவது சூட்சுமம் தெரிந்திருந்ததா?

டார்க் ரைடு அப்படின்னா என்ன?

கூரை போட்ட ஒரு கட்டடம். உள்ளே இருட்டு. தண்டவாளத்திலோ தண்ணீரிலோ தானாக நகரும் வண்டி. வழியெல்லாம் விளக்கு, பொம்மை, ஒலி சேர்ந்த காட்சிகள். இதுதான் டார்க் ரைடு. ரோலர் கோஸ்டர் உடம்பை உலுக்கும். இது உங்களை வேறொரு இடத்துக்குக் கூட்டிப் போகப் பார்க்கும்.

நம்ம ஊர் பொருட்காட்சிகளில் வரும் பேய் வீட்டை இதோடு சேர்க்க முடியாது. அங்கே நாம் நடந்து போகிறோம். பயமாக இருந்தால் ஓடலாம், கண்ணை மூடிக்கொண்டு நண்பனின் சட்டையைப் பிடித்துக்கொள்ளலாம். டார்க் ரைடில் ஓட முடியாது. எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், எத்தனை விநாடி பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் வண்டிதான் முடிவு செய்யும்.

எங்கே ஆரம்பித்தது?

1901-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்த பான் அமெரிக்கன் கண்காட்சியில் ஃபிரெடெரிக் தாம்ப்சன் என்பவர் 'நிலவுக்கு ஒரு பயணம்' என்ற கேளிக்கையை வைத்தார். இறக்கை வைத்த கப்பல் ஒன்றில் மக்களை உட்கார வைத்து ஆட்டுவார்கள். சுற்றிலும் வரையப்பட்ட காட்சிகள் நகரும். கப்பல் இருந்த இடத்தை விட்டு அசையவே அசையாது! 'நிலவில்' இறங்கியதும், நிலவுவாசிகள் வேடம் போட்ட நடிகர்கள் பச்சை நிறப் பாலாடைக்கட்டியை நீட்டுவார்கள். இது பெரிய ஹிட். இரண்டு வருடத்தில், நியூயார்க்கின் கோனி தீவில் லூனா பார்க் என்ற பூங்காவே பிறந்தது.

அப்போது படகில் போகும் இருட்டுச் சுரங்கச் சவாரிகளும் இருந்தன. ஆனால் கால்வாய் வெட்ட வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும், செலவு அதிகம். நியூ ஜெர்சியைச் சேர்ந்த லியோன் காசிடி இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். ஒற்றைத் தண்டவாளம், மின்சாரத்தில் ஓடும் குட்டி வண்டி. ஒரு சின்னக் கூடத்துக்குள்ளேயே தண்டவாளத்தை வளைத்து வளைத்துப் போட்டுவிட்டால் போதும், நீண்ட தூரம் போனது போல இருக்கும். முறுக்குப் போல இப்படி வளைந்து போவதால் 'பிரெட்செல்' என்று பெயர் வந்தது. 1928 முதல் அந்தப் பெயரிலேயே நிறுவனம் நடத்தி, அமெரிக்கா முழுக்க விற்றார். கதவை யாரும் திறந்துவிட மாட்டார்கள், வண்டியே 'டமார்' என்று மோதித் திறக்கும். பாதி பயம் அந்தச் சத்தத்திலேயே வந்துவிடும்.

1930-ல் இங்கிலாந்தின் பிளாக்பூல் கேளிக்கைப் பூங்காவில் இதே மாதிரி வந்த சவாரிக்கு 'கோஸ்ட் டிரெயின்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டது.

'நீங்கதான் ஸ்னோ ஒயிட்' - யாருக்குமே புரியலை

1955-ல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது பீட்டர் பேன், ஸ்னோ ஒயிட், மிஸ்டர் டோட் என மூன்று டார்க் ரைடுகள் இருந்தன. அடிப்படைத் தொழில்நுட்பம் காசிடியின் காலத்திலிருந்து ரொம்ப மாறவில்லை. ஒளிரும் பெயின்ட் அடித்த தட்டையான உருவங்கள், அவற்றின் மேல் புற ஊதா விளக்கு. மற்ற எல்லாம் கருப்பு. சுவர் எங்கே இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியாது என்பதால் கூடம் பெரிதாகத் தோன்றும்.

ஸ்னோ ஒயிட் சவாரியில் டிஸ்னி குழு ஒரு புது முயற்சி செய்தது. உள்ளே ஸ்னோ ஒயிட் பொம்மையே வைக்கவில்லை. ஏன்? வண்டியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் ஸ்னோ ஒயிட். சூனியக்காரி துரத்துவது உங்களை. ஆப்பிளை நீட்டுவது உங்களிடம். யோசனை பிரமாதம். ஆனால் வெளியே வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "ஸ்னோ ஒயிட் எங்கே?" பீட்டர் பேன் சவாரியிலும் இதே கதை. கடைசியில் 1983-ல் அந்தப் பகுதியையே புதுப்பித்தபோது இரண்டு நாயகர்களையும் உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள்.

இந்தத் தோல்வி முக்கியமானது. வண்டியில் உட்காரும் ஆள் யார்? கதாபாத்திரமா, சாட்சியா, விருந்தாளியா, மாட்டிக்கொண்ட அப்பாவியா? இதற்குப் பதில் தெளிவாக இல்லாவிட்டால் மீதி எவ்வளவு செலவு செய்தாலும் ஒட்டாது. பின்னால் வந்த நல்ல சவாரிகள் எல்லாமே இந்தக் கேள்விக்குத் தங்களுக்கென ஒரு பதிலை வைத்திருக்கின்றன.

பீட்டர் பேன் சவாரி பொம்மை இல்லாமலேயே எப்படித் தப்பித்தது? வண்டியால்தான். அது மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு போகும் குட்டிக் கப்பல். காலுக்குக் கீழே இரவு நேர லண்டன் மினியேச்சராக விரிகிறது. தெருக்களில் குட்டிக் குட்டி வெளிச்சங்கள் நகர்கின்றன. வண்டி என்ன செய்கிறதோ அதுவேதான் கதையும்: பறப்பது. விளக்கம் சொல்ல ஆளே தேவையில்லை.

படத்துக்கு முன்னால் வந்த பைரேட்ஸ்

ஜானி டெப் நடித்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 2003-ல் வந்த அந்தப் படத்துக்குப் பெயரும் கருவும் கொடுத்தது 1967 மார்ச் 18-ல் டிஸ்னிலேண்டில் திறந்த ஒரு படகுச் சவாரி. வால்ட் டிஸ்னி நேரடியாக மேற்பார்வையிட்ட கடைசி சவாரிகளில் ஒன்று. திறப்பதற்கு மூன்று மாதம் முன், 1966 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார்.

முதல் திட்டப்படி இது சவாரியே இல்லை. நடந்து பார்க்கும் மெழுகுப் பொம்மைக் காட்சியகம்தான். பூமியைத் தோண்டி வேலையும் ஆரம்பித்துவிட்டார்கள். இதற்கிடையே 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக டிஸ்னி செய்த 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு' படகுகள், கூட்டத்தை அலுங்காமல் குலுங்காமல் வேகமாக நகர்த்திக் காட்டின. அதே கண்காட்சியில் லிங்கன் பொம்மை எழுந்து நின்று பேசியது. இரண்டையும் சேர்த்தால்? கடற்கொள்ளையர் கதை படகில் ஏறியது இப்படித்தான்.

இந்தச் சவாரி பொறுமையாகத்தான் தொடங்கும். படகு ஏறியதும் கொள்ளையர் யாரும் கண்ணில் படமாட்டார்கள். மாலை மங்கிய சதுப்பு நிலம், மின்மினிப் பூச்சிகள், தவளைச் சத்தம், ஒரு குடிசைத் திண்ணையில் ஆடு நாற்காலியில் கிழவர். ஒரு பக்கம் நிஜமான உணவகம் ஒன்றில் நிஜ மனிதர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். வெளியே உச்சி வெயிலில் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தவர், இரண்டு நிமிடத்தில் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்துவிடுவார். பிறகுதான் ஒரு மண்டை ஓடு எச்சரிக்கை விட, படகு இருட்டில் சரிந்து கீழே விழும். கொஞ்ச தூரத்தில் இன்னொரு சரிவு.

அந்தச் சரிவுகள் த்ரில்லுக்காக மட்டும் வைத்தது என்று நினைத்தால் தவறு. பூங்காவைச் சுற்றி ஒரு மண்மேடு, அதன் மேல் ரயில் பாதை. சவாரியின் பிரதான கட்டடம் அதற்கு வெளியே இருக்கிறது. ரயிலுக்குக் கீழே புகுந்து போக, படகு இறங்கியே ஆக வேண்டும். பொறியியல் தலைவலியைக் கதையாக மாற்றிவிட்டார்கள்: கீழே விழுந்ததும் எலும்புக்கூடுகள் கிடக்கும் குகை, அதைத் தாண்டினால் கொள்ளையர்கள் உயிரோடு இருந்த காலம். நிகழ்காலத்திலிருந்து பழைய காலத்துக்கு விழுந்த மாதிரி.

உள்ளே சுமார் 120 இயந்திரப் பொம்மைகள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஏதேதோ நடக்கும், எல்லோரும் பேசுவார்கள், எதையும் முழுசாகக் கேட்க முடியாது. வசனம் எழுதிய எக்ஸ் அடென்சியோவுக்கே இது கவலையாக இருந்ததாம். வால்ட் டிஸ்னியோ, விருந்தில் நாலு பேர் பேச்சு அரைகுறையாகக் காதில் விழுவது போலத்தான் இது, விட்டதைக் கேட்க மறுபடி வருவார்கள் என்று சமாதானம் சொன்னதாக அடென்சியோ பின்னாளில் கூறியிருக்கிறார். வியாபாரக் கணக்கு என்று வைத்துக்கொண்டாலும், இருபது தடவை போனவர்களும் புதுசாக ஒன்றைப் பார்த்ததாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். மேலே கூரை தெரியாது, நகரும் மேகங்களோடு இரவு வானம் இருக்கும். ஊரே எரிகிற காட்சியில் துளி நெருப்பு கிடையாது, எல்லாம் விளக்கின் வேலை.

இங்கே பயணி யார்? வழி தவறி வந்துவிட்ட சாட்சி. கொள்ளையர்கள் உங்களைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். அது ஒரு வசதி: உங்களுக்காக நடத்திக் காட்டுகிறார்கள் என்ற எண்ணம் வராது.

ஃப்ளோரிடாவில் 1973-ல் திறந்த இதே சவாரியோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். கரீபியன் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் கொள்ளையர் கதை எடுபடாது என்று முதலில் இதைக் கட்டவே டிஸ்னி நினைக்கவில்லை. மக்கள் விடாமல் கேட்டதால் கட்டினார்கள். கலிபோர்னியாவில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் சவாரி அங்கே ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அந்தச் சதுப்பு நில மாலை கிடையாது, சரிவும் ஒன்றுதான். பொம்மைகள் பெரும்பாலும் அதேதான், தரமும் அதேதான். ஆனால் ரசிகர்கள் பெரும்பாலும் கலிபோர்னியாவுக்கே ஓட்டுப் போடுகிறார்கள். 'ஒன்றுமே நடக்காத' அந்த முதல் சில நிமிடங்களின் மதிப்பு அவ்வளவு.

இந்தச் சவாரி சர்ச்சையிலும் சிக்கியது. பெண்களைக் கொள்ளையர்கள் துரத்தும் காட்சி 1997-ல் மாற்றப்பட்டது. பெண்களை ஏலம் விடும் காட்சியை 2018-ல் அமெரிக்கப் பூங்காக்களில் நீக்கினார்கள். ஏலத்தில் நின்ற சிவப்பு முடிப் பெண்ணே இப்போது கொள்ளைக்காரி. வரலாற்றை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு தரப்பு கொதித்தது. ஆனால் குழந்தையோடு படகில் போகிறவர்கள் பெண் ஏலத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது 2018-ல் ஓவர்தான்.

பேய் வீட்டில் கேமராமேன் யார்?

1969 ஆகஸ்ட் 9-ல் திறந்தது 'ஹாண்டட் மேன்ஷன்'. வெளிக் கட்டடம் 1963-லேயே தயார். ஆறு வருடம் பூட்டிக்கிடந்தது. உள்ளே என்ன வைப்பது என்பதில் இழுபறி. வடிவமைப்பாளர்களில் கிளாட் கோட்ஸ் பின்னணி ஓவியர், அவருக்குப் பயமுறுத்தும் சூழல் வேண்டும். மார்க் டேவிஸ் அனிமேட்டர், அவருக்குச் சிரிக்க வைக்கும் பாத்திரங்கள் வேண்டும். தீர்ப்புச் சொல்ல வால்ட் டிஸ்னி இல்லை. விளைவு, முதல் பாதி கோட்ஸ் பாணி: முடிவே இல்லாத தாழ்வாரம், தட்டப்படும் கதவுகள். இரண்டாம் பாதி டேவிஸ் பாணி: கல்லறையில் பேய்கள் பாட்டுக் கச்சேரி. சமரசம்தான். ஆனால் பயத்தில் ஆரம்பித்துக் கொண்டாட்டத்தில் முடிவது, பார்க்கிறவர்களுக்கு இயல்பாகவே இருக்கிறது.

இதன் அசல் ஹீரோ வண்டிதான். 'ஆம்னிமூவர்' என்று பெயர். சங்கிலி போல ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல் நகரும் கூண்டு வண்டிகள். ஒவ்வொன்றும் தனியாகத் திரும்பும். இடப்பக்கம் பேய் இருந்தால் உங்களை இடப்பக்கம் திருப்பும். வலப்பக்கம் கருவிகள் ஒளிந்திருந்தால் அங்கே பார்க்கவே விடாது. சினிமாவில் கேமரா செய்யும் வேலையை இங்கே இருக்கை செய்கிறது. முதுகுப் பக்கம் உயரமான ஓடு இருப்பதால் முன்னாலும் பின்னாலும் போகிறவர்கள் தெரியமாட்டார்கள். ஸ்பீக்கர் காதருகே. மணிக்கு 2,000 பேருக்கு மேல் போனாலும், 'நான் தனியா இருக்கேன்' என்ற உணர்வு வரும். ஒரு குறை: மாற்றுத்திறனாளி ஒருவர் ஏற நேரம் எடுத்தால் ஒரு வண்டியை மட்டும் நிறுத்த முடியாது, மொத்தச் சங்கிலியும் நிற்க வேண்டும்.

உள்ளே போகும் முன் ஓர் எண்கோண அறை 'நீளும்'. சுவரில் உள்ள ஓவியங்கள் மெல்ல வளர, அவற்றின் விபரீதமான கீழ்ப்பாதி வெளிப்படும். கலிபோர்னியாவில் அந்த அறை நிஜத்தில் ஒரு லிஃப்ட், கீழே இறங்குகிறது. இங்கேயும் காரணம் அதே ரயில் பாதைதான்! ஃப்ளோரிடாவில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் காட்சி பிடித்துப்போனதால், அங்கே கூரையை மேலே தூக்குகிறார்கள்.

மோடி ஹாலோகிராமும் டிஸ்னி பேயும்

மேன்ஷனில் எல்லோரும் பேசும் இடம் நடனக் கூடம். கீழே பெரிய ஹால், அதில் உடம்பு ஊடே தெரியும் பேய்கள் ஜோடி ஜோடியாக ஆடுகின்றன. 3டி கண்ணாடி இல்லை, திரை இல்லை, ப்ரொஜெக்டர் இல்லை. எப்படி?

உங்களுக்கும் அந்த ஹாலுக்கும் நடுவே மிகப் பெரிய கண்ணாடித் தகடுகள் நிற்கின்றன. ஆடும் பொம்மைகள் ஹாலில் இல்லை. உங்கள் வண்டிப் பாதைக்கு மேலும் கீழும், நீங்கள் பார்க்க முடியாத இருட்டில் இருக்கின்றன. அவற்றின் மேல் வெளிச்சம் விழும்போது, பிம்பம் கண்ணாடியில் தெரிகிறது. வெளிச்சம் அணைந்தால் பேய் மறைகிறது. இரவில் பஸ் ஜன்னல் கண்ணாடியில் உங்கள் முகம் வெளியே மிதப்பது போலத் தெரியுமே, அதே சங்கதி. இதன் பெயர் 'பெப்பர்ஸ் கோஸ்ட்'. 1862-ல் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் இதைக் காட்டினார். மூல யோசனை ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளருடையது. 2014 மக்களவைத் தேர்தலில் ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் நரேந்திர மோடி 'தோன்றி'ப் பேசினாரே, ஹாலோகிராம் என்று சொல்லப்பட்ட அதுவும் இந்தத் தந்திரத்தின் நவீன வடிவம்தான். கண்ணாடிக்குப் பதில் மெல்லிய படலம், அவ்வளவுதான்.

கவனித்துப் பார்த்தால் ஒரு சின்ன விஷயம் மாட்டும். நடன ஜோடிகளில் ஆண்களுக்குப் பதில் பெண்கள் வழிநடத்துவார்கள். பிம்பம் இடம் வலம் மாறுவதன் விளைவு!

இந்த வீட்டில் பயணி விருந்தாளி. 999 பேய்கள் இருக்கின்றன, ஆயிரமாவது இடம் காலி, நீங்கள் வருகிறீர்களா என்று குரல் கேட்கும். கடைசியில் நிலைக்கண்ணாடி முன் வண்டி போகும்போது உங்கள் பக்கத்திலேயே ஒரு பேய் உட்கார்ந்திருக்கும். கொள்ளையர்கள் உங்களைக் கண்டுகொள்ளவில்லை. பேய்களோ வீடு வரை வரத் தயார்.

திரை வந்த பிறகு என்ன ஆச்சு?

1999-ல் ஃப்ளோரிடாவின் யுனிவர்சல் பூங்காவில் ஸ்பைடர்மேன் சவாரி வந்தது. பெரிய 3டி திரைகள், நிஜ செட்டுகள், எல்லாப் பக்கமும் சாயும் வண்டி. பயணிகள் செய்தி சேகரிக்க அனுப்பப்பட்டவர்கள் என்பது கதை. இதில் சவால், வண்டி நகர்ந்துகொண்டே இருப்பதுதான். நகரும் கண்ணுக்கு ஏற்ப, திரையில் உள்ள கட்டடங்களின் கோணமும் ஒவ்வொரு கணமும் மாற வேண்டும். கணக்குப் போட்டு அதைச் செய்தார்கள். கடைசியில் 400 அடி உயரத்திலிருந்து விழுவது போல இருக்கும். வண்டி ஓர் அடிகூட விழாது.

இது ஜெயித்ததும் திரைகள் பெருகின. எல்லாம் ஜெயிக்கவில்லை. 2018-ல் அதே யுனிவர்சலில் வந்த 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' சவாரியை ரசிகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். திரையின் பிரச்னை, அதன் விளிம்பு. விளிம்பு கண்ணில் பட்ட அடுத்த விநாடி நீங்கள் தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஸ்பைடர்மேனில் திரைக்கு முன்னாலும் பக்கத்திலும் நிஜச் சுவரும் நிஜத் தெருவும் இருப்பதால் விளிம்பு மறைகிறது. படகில் இருக்கும் ஈரக் காற்றையும் தண்ணீர் வாடையையும் எந்தத் திரையும் தராது.

தண்டவாளமே இல்லாத வண்டிகள் அடுத்த கட்டம். 2000-ல் டோக்கியோ டிஸ்னிலேண்டின் 'பூ'ஸ் ஹன்னி ஹன்ட்' இதில் முன்னோடி. வண்டிகள் சேர்ந்து வந்து, தனித்தனியே பிரிந்து, ஒன்றையொன்று சுற்றும். தரையில் பாதை தெரியாததால் அடுத்து எந்தப் பக்கம் என்று ஊகிக்க முடியாது. 2019-ல் வந்த ஸ்டார் வார்ஸ் சவாரி 'ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ்' இதோடு திரை, பிரமாண்ட செட், நிஜ நடிகர்கள் எல்லாவற்றையும் கலந்தது. அதிலும் பயணிகள் பேசுவது, சின்ன விண்கலத்தின் கதவு திறந்ததும் எதிரியின் பிரமாண்ட கப்பல் தளம் கண்முன் விரியும் இடத்தைத்தான். அங்கே நீங்கள் இரண்டு காலில் நிற்கிறீர்கள், வண்டியே வரவில்லை.

இருட்டின் இன்னொரு பக்கம்

1979 ஜூன் 9 இரவு, ஆஸ்திரேலியாவின் சிட்னி லூனா பார்க்கில் கோஸ்ட் டிரெயின் தீப்பிடித்தது. 6 குழந்தைகள், ஓர் ஆண் என 7 பேர் உயிரிழந்தனர். தீ எப்படிப் பிடித்தது என்ற விவாதம் பல பத்தாண்டுகள் கழித்தும் ஓயவில்லை.

வழி தெரியக்கூடாது, சுவர் தெரியக்கூடாது, வெளியுலகம் மறக்க வேண்டும் என்பதுதான் டார்க் ரைடின் இலக்கணம். தீப்பிடித்தால் அது மூன்றுமே எமன். அதனால்தான் இன்றைய பெரிய சவாரிகளில் ஏதாவது கோளாறு என்றால் முதலில் வேலை விளக்குகள் எரியும். மாயாஜாலம் எல்லாம் ஒரு நொடியில் போய், கருப்பு பெயின்ட் அடித்த கிடங்கும் வயர்களும் தெரியும். படம் பிடித்து யூடியூபில் போடுகிறவர்கள் உண்டு. பார்க்க ஏமாற்றமாக இருந்தாலும், அவசர வழிக் கதவுகள் எத்தனை இருக்கின்றன என்பதும் அப்போதுதான் தெரியும்.

மூடினால் என்ன ஆகும்?

ஃப்ளோரிடாவில் இருந்த மிஸ்டர் டோட் சவாரி, ரசிகர்களின் போராட்டத்தையும் மீறி 1998 செப்டம்பரில் மூடப்பட்டது. வண்டி ஓட்டத் தெரியாத ஒரு தேரை கண்டபடி ஓட்டி, ரயிலில் மோதி, நேராக நரகத்துக்குப் போவதுதான் அதன் கதை. ஆமாம், குழந்தைகள் சவாரிதான்! கலிபோர்னியாவில் அது இன்றும் ஓடுகிறது.

ஃப்ளோரிடாவில் அந்த இடத்தில் இப்போது 'வின்னி தி பூ' சவாரி. உள்ளே சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள்: மிஸ்டர் டோட், இடத்தின் பத்திரத்தை ஆந்தையிடம் ஒப்படைக்கிறார். அதே பூங்காவின் ஹாண்டட் மேன்ஷனுக்கு வெளியே செல்லப் பிராணிகளுக்கான ஒரு பொய்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் பின்வரிசையில் எட்டிப் பார்த்தால், டோட்டுக்கும் ஒரு சிலை நிற்கிறது.